ராய்ஸ் என்ற மெக்கானிக்

போன செமஸ்டர் லீவுல ஆட்டோமொபைல் லேப் பின்னாடி ஷெட்டில் கிடந்த பழைய அம்பாசடருக்கு எஞ்சின் வேலை பார்த்தோம். ரிங், பேரிங், கேஸ்கெட், வால்வு கிரைண்டிங் எல்லாம் முடிச்சு, எஞ்சினைத் திரும்ப ஏற்றி செல்ஃப் அடிச்சா, ஸ்டார்ட் ஆகல. கார்புரேட்டர் வழியா படார்னு ஒரு சத்தம், கூடவே ஒரு நெருப்பு நாக்கு. அவ்வளவுதான். கார்புரேட்டரை இரண்டு தடவை கழுவினோம். புது பிளக் போட்டோம். கண்டென்சர் மாத்தினோம், காயில் மாத்தினோம். ஒரு வாரம் போச்சு. கையில் இருந்த காசும் போச்சு.

கடைசியில் லேப் அண்ணன் ஒருத்தர் வந்தார். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றச் சொல்லி, அந்த ஓட்டையில் கட்டை விரலை வைத்துக்கொண்டு, எஞ்சினைக் கையால் சுற்றச் சொன்னார். டைமிங் குறி நேராக வந்தபோது விரலை எதுவும் தள்ளவில்லை. இன்னொரு சுற்று சுற்றினோம். இப்போ குறி வரும்போது காற்று விரலைத் தூக்கியது. டிஸ்ட்ரிபியூட்டரைத் தலைகீழாக, 180 டிகிரி மாற்றி மாட்டியிருக்கோம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும், அதனால் அந்தக் குறி இரண்டு தடவை நேராக வரும் என்பதை மூணாவது செமஸ்டரில் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியவர்கள் நாங்கள்.

கையைத் துடைத்துக்கொண்டே அந்த அண்ணன் ஹென்றி ராய்ஸ் பற்றிச் சொன்னார். ரோல்ஸ்-ராய்ஸ்னா நமக்கு மகாராஜா, சினிமா நடிகர், வெள்ளி பொம்மை இதுதான் ஞாபகம் வரும். அந்தப் பேரின் இரண்டாவது பாதிக்காரர் பள்ளிக்கூடமே சரியாகப் போகாத ஒரு மெக்கானிக் என்பது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அப்புறம் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுறேன்.

ராய்ஸ் பிறந்தது 1863 மார்ச் 27, இங்கிலாந்தில் பீட்டர்பரோ ஊருக்குப் பக்கத்தில் ஆல்வால்டன் என்ற கிராமத்தில். அப்பா ஜேம்ஸ் ராய்ஸ் மாவு மில் நடத்தினார். அது நொடித்துப் போனது. பிழைப்பு தேடி லண்டன் போன அப்பா 1872-ல் இறந்து போனார், அதுவும் ஏழைகள் விடுதியில். பையனுக்கு அப்போ ஒன்பது வயது. அதற்குப் பிறகு தெருவில் பேப்பர் விற்றான், தந்தி கொண்டு போய்க் கொடுத்தான். பள்ளிக்கூடம் போனது மொத்தமா கணக்குப் போட்டா ஏறக்குறைய ஒரு வருஷம்தான்.

அத்தையோ சித்தியோ, உறவில் ஒரு அம்மா கருணை வைத்து வருஷத்துக்கு 20 பவுண்டு கட்டி, பீட்டர்பரோவில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிப் பையனாகச் சேர்த்துவிட்டார். அங்கேதான் அரம் பிடிக்க, லேத் ஓட்டக் கற்றுக்கொண்டான். ராத்திரியில் கணக்கும் மின்சாரமும் தானாகவே படித்தான். மூணு வருஷத்தில் அந்த அம்மாவிடம் பணம் தீர்ந்தது. பயிற்சி பாதியில் நின்றது. கையில் சர்டிபிகேட் இல்லாமல் லீட்ஸ் நகருக்கு வேலை தேடிப் போய், கருவி செய்யும் கம்பெனி ஒன்றில் வாரம் 11 ஷில்லிங் சம்பளத்துக்குச் சேர்ந்தான். பிறகு லண்டனில் ஒரு மின்விளக்கு கம்பெனி. அங்கிருந்து லிவர்பூல், தெருவுக்கும் நாடக அரங்குக்கும் விளக்கு போடுகிற வேலை. அந்தக் கம்பெனியும் மூடிப்போனது.

1884-ல் ராய்ஸுக்கு 21 வயது. சேமிப்பு 20 பவுண்டு. எர்னஸ்ட் கிளேர்மான்ட் என்ற நண்பர் 50 பவுண்டு போட, மான்செஸ்டரில் குக் ஸ்ட்ரீட்டில் இரண்டு பேரும் கம்பெனி ஆரம்பித்தார்கள். முதலில் வீட்டு அழைப்பு மணி மாதிரி சில்லறைச் சாமான்கள். அப்புறம் டைனமோ. அப்புறம் மின்சார கிரேன். ஒர்க்‌ஷாப் மேலேயே தங்கி, கிடைச்சதைச் சமைச்சுச் சாப்பிட்டு வாழ்ந்தார்கள். ராய்ஸ் சாப்பிட மறந்துவிடுவார் என்பதால் பால் டம்ளரோடு ஒரு பையன் பின்னாலேயே ஓடுவானாம். கேட்க வேடிக்கையா இருக்கும். ஆனால் இந்தப் பழக்கம் அவர் உடம்பை என்ன பண்ணியது என்பதைப் பின்னாடி பார்க்கப் போகிறோம்.

டைனமோக்கள் நன்றாக விற்றன. காரணம், கம்யூட்டேட்டரில் பொறி தெறிக்காமல், கவனிக்க ஆள் இல்லாமல் நாள்கணக்கில் ஓடும். 1893-ல் கல்யாணம், வீடு, தோட்டம் எல்லாம் ஆச்சு. தோட்டத்திலும் மின்விளக்கு போட்டு ராத்திரியில் ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொள்வாராம். நூற்றாண்டு திரும்பியதும் வெளிநாட்டு கிரேன்கள் விலை குறைவாக வந்து இறங்க, வியாபாரம் சரிந்தது. விலையைக் குறைத்து மட்டமாகச் செய்ய ராய்ஸுக்கு மனசு வரவில்லை. உடம்பும் கெட்டது. டாக்டர்கள் கட்டாயப்படுத்தி ஓய்வெடுக்க அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில் வாங்கியதுதான் டெக்கோவில் என்ற பிரெஞ்சு கார். செகண்ட் ஹேண்ட். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். ரயிலில் வந்து இறங்கிய காரை ஸ்டார்ட் பண்ண முடியாமல் ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்தக் காலத்துக்கு அது மோசமான கார் இல்லை. ஓரளவுக்கு நல்ல காரைத்தான் ராய்ஸ் வாங்கியிருந்தார்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருது. பழுது வந்த காரை நாம என்ன செய்வோம்? எது ஓடவில்லையோ அதை மட்டும் சரி பண்ணி, ஓடினா போதும்னு விட்டுடுவோம். ராய்ஸ் மொத்தமாகப் பிரித்தார். ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி இருக்கு என்று பார்த்தார். துடித்துத் துடித்துப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயிலை நம்ப முடியவில்லை. கார்புரேட்டர் ஒரு வேகத்துக்குச் சரியான கலவை கொடுத்தால் இன்னொரு வேகத்துக்குத் தப்பாகக் கொடுத்தது. சத்தம், அதிர்வு, சூடு எல்லாமே அதிகம். இருபது வருஷம் மின்சாரத்தோடு வாழ்ந்தவருக்கு, தீப்பொறி சரியில்லாத எஞ்சினைப் பார்க்கும்போது என்ன தோன்றியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அதைச் சரிசெய்வதோடு நிற்காமல், சொந்தமாக மூன்று கார் செய்யப் போவதாக அறிவித்தார். கிரேன் விற்காத நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று கிளேர்மான்ட்டுக்குக் கவலை. 1903 செப்டம்பரில் முதல் எஞ்சின் பெஞ்சில் ஓடியது. 1904 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினத்தில், முதல் கார் குக் ஸ்ட்ரீட்டிலிருந்து கிளம்பி 15 மைல் தள்ளி இருந்த ராய்ஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் நிற்கவில்லை. புதுசாகக் கண்டுபிடிச்சதுன்னு அந்தக் காரில் பெரிசா ஒண்ணும் இல்லை. எல்லாரும் செய்ததையே ஒழுங்காகச் செய்திருந்தார், அவ்வளவுதான்.

மூன்றாவது கார் ஹென்றி எட்மண்ட்ஸ் என்பவரிடம் போனது. அவருக்கு லண்டனில் கார் விற்கும் சார்லஸ் ரோல்ஸைத் தெரியும். ரோல்ஸ் பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர், பிரெஞ்சு கார்களை விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றாலே உதறும் என்று அவருக்கு ஒரு வெறுப்பு. 1904 மே 4-ம் தேதி மான்செஸ்டர் மிட்லாண்ட் ஹோட்டலில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். காரில் ஒரு சுற்று போய் வந்த ரோல்ஸ், ராய்ஸ் செய்கிற காரையெல்லாம் தானே விற்பதாகச் சொல்லிவிட்டார். 1906-ல் ரோல்ஸ்-ராய்ஸ் லிமிடெட் ஆனது. கம்பெனியை உண்மையில் நடத்தியவர் கிளாட் ஜான்சன். அந்தப் பேரில் அவருக்கு இடமில்லை, பாவம்.

இப்போ ராய்ஸின் பெரிய தலைவலிக்கு வருவோம். ஒரே அளவு சிலிண்டர்களை இரண்டிரண்டாக வார்த்து, ஒரு ஜோடி போட்டால் 10 குதிரைத்திறன், இரண்டு ஜோடி போட்டால் 20, மூன்று ஜோடி போட்டால் 30 என்று ஒரு வரிசை போட்டார். பார்க்க அழகான யோசனை. 20 நன்றாக ஓடியது. 30 ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உறுமி உதறியது. கிராங்க் ஷாஃப்ட்டுகள் முறிந்தன.

நம்ம ஆட்களா இருந்தா முதலில் இரும்பைச் சந்தேகப்படுவோம், அப்புறம் பேரிங்கை, அப்புறம் ஓட்டின டிரைவரை. விஷயம் இதுதான். ஆறு சிலிண்டருக்கு ஷாஃப்ட் நீளம். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது ஷாஃப்ட்டை ஒரு முறுக்கு முறுக்குது. எஃகும் ஸ்பிரிங் மாதிரிதான், முறுக்கினால் திரும்பி வரும். அந்த ஷாஃப்ட்டுக்கென்று ஒரு இயல்பான அதிர்வெண் இருக்கு. வெடிப்பின் தாளம் அதோடு ஒத்துப் போகிற வேகத்தில் முறுக்கு ஊஞ்சல் மாதிரி வளர்ந்துகொண்டே போகும். நாம் ஆறாவது செமஸ்டரில் படிக்கிற டார்ஷனல் வைப்ரேஷன். அன்னைக்கு ராய்ஸுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வாத்தியார் யாரும் இல்லை. பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதிலும் தப்பில்லை. சேர்த்து மாட்டினால் முறியுது. எஞ்சின் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கடுப்பு புரியும்.

ராய்ஸ் செய்த வைத்தியம் இரண்டு வகை. ஒன்று, அடுத்து வந்த 40/50 மாடலில் ஜோடி யோசனையையே கைவிட்டு, மூன்று மூன்றாக வார்த்த இரண்டு கட்டிகள் வைத்தார். ஷாஃப்ட் குட்டையாகவும் தடிமனாகவும் ஆனது, ஏழு பேரிங் அதைத் தாங்கியது, எண்ணெய் அழுத்தத்தோடு எல்லா பேரிங்குக்கும் போனது. இன்னொன்று, ஷாஃப்ட்டின் முன் முனையில் ஒரு சின்ன ஃப்ளைவீல். அதை இறுக்கி மாட்டாமல், உராய்வில் மட்டும் பிடித்து நிற்கும்படி வைத்தார். ஷாஃப்ட் சீராகச் சுற்றினால் அதுவும் கூடவே சுற்றும். ஷாஃப்ட் நடுங்கினால் அந்தச் சக்கரம் நடுங்காமல் தன் வேகத்தில் போகும், இரண்டுக்கும் நடுவே உரசல் வரும், நடுக்கம் சூடாக மாறி அடங்கிவிடும். இன்னைக்கு உங்க வீட்டுக் கார் கிராங்க் புல்லியிலும் ரப்பர் வைத்து இதே வேலைதான் நடக்குது. இதற்கு முறையாகக் காப்புரிமை வாங்கியவர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற இன்னொரு மேதை. யார் முதல் என்று பின்னால் தகராறு வந்தது. ராய்ஸ் காப்புரிமை எடுக்காமல் விட்டது அவர் தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த 40/50 காரில் ஒன்றுக்கு வெள்ளிப் பூச்சு பூசி, சில்வர் கோஸ்ட் என்று பேர் வைத்து, 1907-ல் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவே ராப்பகலாக ஓட்டினார்கள். கூடவே ராயல் ஆட்டோமொபைல் கிளப் பார்வையாளர்கள். மொத்தம் 15,000 மைல். 629-வது மைலில் ஒரு தடவை கார் தானாக நின்றது. குலுக்கலில் பெட்ரோல் குழாயின் டேப் மூடிக்கொண்டது, வேற ஒண்ணுமில்ல. திறந்துவிட்டு, அதற்குப் பிறகு 14,371 மைல் நிற்காமல் ஓடியது.

விளம்பரக்காரர்கள் இத்தோடு நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் காரை கிளப்பிடமே கொடுத்து, முழுசாகப் பிரித்துத் தேய்மானம் பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பாகமும் மேசையில் பரப்பி அளக்கப்பட்டது. புதுக்கார் நிலைமைக்குக் கொண்டுவர ஆன பாகச் செலவு 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ். ஓடுகிற வண்டியைப் பிரிப்பதற்கு எவ்வளவு தைரியம் வேணும் என்று யோசிச்சுப் பாருங்க. நாங்க அம்பாசடர் ஸ்டார்ட் ஆன அன்னைக்கு, இனி ஒரு நட்டைக்கூடத் தொடக் கூடாதுன்னு சத்தியம் பண்ணினோம்.

1908-ல் தொழிற்சாலை டெர்பிக்கு மாறியது. அங்கே காரை நிற்க வைத்தே சக்கரங்களுக்கு அடியில் மேடு பள்ளமான உருளைகளைச் சுற்றவிட்டுக் குலுக்கும் ஒரு இயந்திரம் இருந்தது. எது முதலில் உடையுதோ அதைத் திருத்தி, மறுபடி குலுக்கி, அடுத்து எது உடையுதுன்னு பார்ப்பார்கள்.

1910 ஜூலை 12-ல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார், 32 வயதில். அடுத்த வருஷம் ராய்ஸ் படுத்துவிட்டார். வருஷக்கணக்கா நேரத்துக்குச் சாப்பிடாத, தூங்காத உடம்பு. ஜான்சன் அவரைத் தெற்கு பிரான்சுக்கும் எகிப்துக்கும் கூட்டிப் போனார். 1912-ல் பெரிய ஆபரேஷன். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்தும், தன் பேரில் இயங்கிய டெர்பி தொழிற்சாலைக்குள் அவர் திரும்பக் கால் வைக்கவில்லை. குளிர்காலத்தில் பிரான்சில் லெ கனடெல், மற்ற நாளில் இங்கிலாந்தின் தென்கரை. எத்தல் ஆபின் என்ற நர்ஸ்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டார். மனைவியோடு வாழ்க்கை பிரிந்தே போனது. உழைப்பு உழைப்புன்னு இவரைக் கொண்டாடுகிற கட்டுரைகள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடும். அது எனக்கு உடன்பாடில்லை. தன்னை வதைத்தது போதாதென்று, ஆரம்ப நாளில் தன்கூட வேலை செய்தவர்களையும் அவர் நேரம் காலம் பார்க்காமல் வேலை வாங்கினார்.

அவர் இருந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே வரைவாளர்கள் குடியேறினார்கள். படங்களும் கடிதங்களும் டெர்பிக்குப் போகும், சோதனை முடிவுகள் திரும்பி வரும். எஞ்சினைத் தொடாமல், கண்ணால் பார்க்காமல், பேப்பரிலேயே பழுது கண்டுபிடிக்கிற ஆளாக அவர் மாறினார்.

1912-ல் ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைப் பந்தயத்தில் ஜேம்ஸ் ராட்லி என்பவர் சொந்தமாக ஓட்டிய ரோல்ஸ்-ராய்ஸ், காட்ஷ்பெர்க் கணவாயில் ஏற முடியாமல் நின்றது. ஆட்கள் இறங்கின பிறகுதான் ஏறியது. உலகத்திலேயே சிறந்த கார் என்று விளம்பரம் செய்தவர்களுக்கு எவ்வளவு அவமானம்! எஞ்சினில் பலம் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் காருக்கு மூன்று கியர்தான். செங்குத்து ஏற்றத்துக்குத் தேவையான தாழ்ந்த கியர் அதில் இல்லை. நாலு கியர் பெட்டியோடு 1913-ல் திரும்பிப் போய், அதே மலைகளில் பேரை மீட்டார்கள்.

போர் வந்தது. ஏரோ எஞ்சின் செய்யச் சொன்னார்கள். ராய்ஸ் வடிவமைத்த 12 சிலிண்டர் ஈகிள் எஞ்சின் 1915-ல் 225 குதிரைத்திறனில் ஆரம்பித்து, போர் முடிவதற்குள் 360-ஐத் தொட்டது. முறை அதேதான்: முழு வேகத்தில் உடையும்வரை ஓட்டு, உடைந்ததைப் பார், அதை மட்டும் பலப்படுத்து, மறுபடி ஓட்டு. 1919 ஜூனில் அல்காக்கும் பிரவுனும் நிற்காமல் அட்லாண்டிக்கைக் கடந்த விக்கர்ஸ் விமி விமானத்தில் இருந்தவை இரண்டு ஈகிள் எஞ்சின்கள். பிறகு ஷ்னைடர் கோப்பைக்காக ஆர் எஞ்சின். 1929-ல் 1,900 குதிரைத்திறன். 1931-ல் 2,300-ஐத் தாண்டியது. அந்த வருஷம் இதைச் சுமந்த சூப்பர்மரீன் விமானம் மணிக்கு 407.5 மைல் போய் உலக சாதனை வைத்தது. டெர்பி ஊர் மக்கள் அந்தச் சோதனைச் சத்தத்தைச் சகித்துக்கொண்டார்கள் என்பதும் சாதனைதான்.

1930-ல் அரசு பட்டம் கொடுத்தது, சர் ஹென்றி ஆனார். தன்னை அவர் மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

1933 வசந்தத்தில் வெஸ்ட் விட்டரிங் வீட்டில் படுக்கையோடு படுக்கையாக இருந்தார். அடுத்த எஞ்சினுக்கான வேலை டெர்பியில் நடந்துகொண்டிருந்தது. பின்னாளில் மெர்லின் என்று ஸ்பிட்ஃபயரில் ஏறிய அந்த எஞ்சின் அக்டோபரில்தான் முதல் தடவை ஓடியது, அவர் அதைக் கேட்கவில்லை. ஏப்ரல் 22-ம் தேதி இறந்தார். அதற்கு முந்தின நாள் எழுந்து உட்கார்ந்து, ஒரு உறையின் பின்பக்கத்தில், தேவைக்கேற்ப இறுக்கம் மாற்றிக்கொள்ளக்கூடிய ஷாக் அப்சார்பர் ஒன்றை வரைந்து, தொழிற்சாலைப் பையன்களுக்கு அனுப்பிவிடும்படி நர்ஸிடம் கொடுத்தார். அவர் இறந்த செய்தி போன பிறகுதான் அந்த உறை டெர்பிக்குப் போய்ச் சேர்ந்தது.